ஒரு மாதம் பிந்தி வந்த பூனை

என் மாடி அறையில் குடியிருக்கும் பெண் ஒரு பெரிய சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறாள். நாள் முழுக்க நீராவிக்குள் நிற்பதால் அங்கே அவளுக்கு ‘ஆவி அக்கா’ என்று பெயர். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் திகைத்துப் பார்த்தால், "பகல்ல மட்டும்தான் வருவேன், பயப்படாதீங்க" என்பாள்.

புருஷனைப் பிரிந்தவள். ஒன்பது வயது மகள் அப்பாவிடமும் அத்தையிடமும் வளர்கிறாள். மாதத்தின் முதல் ஞாயிறன்று கடைத்தொகுதி ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்தில் தாயும் மகளும் சந்திக்கலாம். பொதுவான ஆள் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று பேசி முடித்திருந்தார்கள். அந்த ஆள், அவள் ‘பெரியப்பா’ என்று கூப்பிடும் வீட்டுக்காரனான நான். பக்கத்து மேசையில் உட்காருவேன். ஆகவே இங்கே எழுதுவது நான் பார்த்ததும் கேட்டதும் மட்டுமே.

ஒருமுறை மகள், கைபேசி விளையாட்டில் வரும் ஒற்றைக்கண் பூனையைக் காட்டி, அதைப் பற்றியே பேசினாள். தாய் அந்தப் படத்தைத் தன் கைபேசியில் ஏற்றிவந்து, கட்டம் கட்டமாகத் தெரியும்வரை பெரிதாக்கினாள். முளைகள் நிறைந்த பலகையில், கட்டத்துக்கு ஒன்றாக, மிளகு அளவு பிளாஸ்டிக் மணிகளை இடுக்கியால் எடுத்துச் செருகினாள். பலகை நிறைந்ததும் மேலே மெழுகுத்தாள் விரித்து இஸ்திரிப் பெட்டியை ஓட்டினால் மணிகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டியபின் ஒரு மணியைக்கூட மாற்ற முடியாது. வேலைக்குப் போய்வந்து செய்ததால் ஒரு மாதம் ஆயிற்று.

அடுத்த சந்திப்பில் மகள் சிரித்தபடி வாங்கிக்கொண்டாள். "இது நான் போன மாசம் விளையாடினதும்மா. இப்ப எல்லாரும் பறக்கிற ஆமைதான்."

அடுத்த மாதம் ஆமை வந்தது. "ஆமையா? கிளாஸ்ல சொன்னாலே சிரிப்பாங்கம்மா" என்று பைக்குள் போட்டுக்கொண்டு மகள் கைபேசியை எடுத்தாள். மீதி நேரம் அவள் அதையும், தாய் அவளையும் பார்த்தபடி இருந்தார்கள்.

திரும்பும் பேருந்தில் தாய் சொன்னாள்: "நான்தான் மெதுவா இருக்கேன், பெரியப்பா. அவ ஓடிட்டே இருக்கா. ஒரு தடவை எட்டிப் பிடிச்சிட்டேன்னா என்கிட்ட பழையபடி பேசுவா."

மூன்றாம் மாதம் அவள் ஒரு வழி கண்டாள். மணிகளைச் செருகுவாள், இஸ்திரி போட மாட்டாள். தொலைபேசியில் மகள் வேறு பெயர் சொன்னால் பிய்த்துவிட்டு மறுபடி செருகுவாள். நான் மேலே போனால், "கதவை மெல்லத் திறங்க பெரியப்பா, பலகை ஆடினா எல்லாம் கொட்டிடும்" என்பாள்.

சனிக்கிழமை மாலை மகள் புதிய கார்ட்டூன் ஒன்றில் வரும் ‘நீலமுடி’யைப் பற்றிச் சொன்னாள். பலகையில் இருந்ததெல்லாம் டப்பாவுக்குப் போயிற்று. ஞாயிறு காலையில்தான் நீலமுடி நிறைந்தான். அவசரத்தில் இஸ்திரி போட்டு, ஆறுவதற்குள் எடுத்துவிட்டாள். எத்தனையோ பேரின் சட்டையைச் சுருக்கமில்லாமல் தேய்த்தவள் கையில் அது ஓரம் சுருண்டு வந்தது.

மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நீலமுடியா? நல்லாருக்கும்மா."

"இது புதுசுதானே?"

"புதுசுதான்."

தாயின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். மகள் படத்தை மேசைமேல் வைத்தாள்.

"அம்மா, அடுத்த மாசத்திலேருந்து போன்ல பேசினா போதுமா?"

"அத்தை கேக்கச் சொன்னாங்களா?"

மகள் என் பக்கம் பார்த்தாள், பிறகு கீழே பார்த்தாள். "இல்ல. நான்தான். இங்க வந்து உக்காந்தா என்ன பேசுறதுன்னே தெரியலம்மா."

"சரிடா."

"கோவமா?"

"இல்லடா. பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு, அப்பா காத்திட்டிருப்பாரு, போ."

மகள் போய்விட்டாள். படம் மேசையிலேயே இருந்தது. எடுத்துக்கொள்ளவா என்று கேட்டேன். "வேணாம் பெரியப்பா, மேசை துடைக்கிறவங்க எடுத்துப் போடுவாங்க" என்றாள்.

அந்த வாரம் வாடகை கொடுக்க வந்தவள் வாசலிலேயே நின்றாள். "இனிமே ஞாயித்துக்கிழமை உங்களை அலைக்கழிக்க மாட்டேன். அன்னைக்கும் டூட்டி கேட்டு வாங்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினாள்.