மனு அடிக்க ஒரு பிரிண்டர்

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளுக்கு வரும் தண்ணீர்க் குழாயைத் துரை பங்களாவின் பூந்தோட்டத்துக்குத் திருப்பிவிட்டார்கள். மேலிடத்துக்கு மனுக் கொடுக்கலாம் என்று தலவாக்கலையில் ஒரு கடையில் நான் சொல்லச் சொல்ல, கடைக்காரரை டைப் பண்ண வைத்து வாங்கினேன். கையெழுத்து வாங்க வீடு திரும்பினால், தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அதே மனுவின் கொப்பியோடு லயத்து வாசலில் நிற்கிறார். மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், வேலையை விட்டுப் பல வருஷமான என்னையும் வரச்சொல்லி, வரி வரியாக வாசித்துச் சிரித்தார். பயத்தில் ஒருத்தியும் கையெழுத்துப் போடவில்லை.

கடைக்காரர்தான் கொடுத்திருக்கிறார். அவர் கையில் இனி எங்கள் தாள் படக்கூடாது என்று அன்றே முடிவுசெய்தேன்.

மருமகள் தோட்டத்துப் பள்ளிக்கூட டீச்சர். கம்ப்யூட்டர் வைத்திருக்கிறாள், பிரிண்டர்தான் இல்லை.

"நம்ம கம்ப்யூட்டர்ல ஓடுறது விண்டோஸ் இல்ல, லினக்ஸ், மாமி. எல்லாப் பிரிண்டரும் இதோட ஒத்துப்போகாது" என்றாள். சில மெஷின்கள் பெட்டியோடு வரும் டிஸ்க்கைப் போட்டால்தான் ஓடுமாம், அந்த டிஸ்க்கை லினக்ஸ் ஏற்காதாம். ஒத்துப்போகிறவற்றைத் தேடி ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். மை ஊற்றுகிற மெஷின் வேண்டாம் என்றேன் நான். எங்கள் லிந்துலைத் தூறலில் அந்த எழுத்துக் கரைந்துவிடும். பொடியைச் சூட்டில் ஒட்டுகிற லேசர்தான் வேண்டும்.

ஹட்டன் கடையில், எந்தப் பிரிண்டரும் எந்தக் கம்ப்யூட்டரிலும் வேலை செய்யும் என்றார்கள். கையோடு கொண்டுபோன மருமகளின் லாப்டாப்பைத் தூக்கி மேசையில் வைத்தேன்.

"முப்பது வருஷம் கொழுந்து பறிச்சு, நிறுத்துக் குடுத்தவ தம்பி நான். தராசு முள்ளப் பாக்காம கூடைய எறக்குனதே இல்ல. அடிச்சுக் காட்டுங்க."

முதல் மெஷின் விளக்கைச் சிமிட்டியதோடு சரி. இரண்டாவது, தாள் தாளாகக் கிறுக்கித் தள்ளியது. கம்ப்யூட்டரில் இருக்கும் லினக்ஸை மாற்றித் தருகிறேன் என்றான் கடைப்பையன். மெஷினைத்தான் மாற்ற வேண்டும் என்றேன். மருமகளின் தாளில் இருந்த ஒன்று கீழ்த்தட்டில் தூசி படிந்து கிடந்தது. வயரைச் செருகியதும் அதன் பெயர் தானாகவே திரையில் வந்தது. டிஸ்க் எதுவும் கேட்கவில்லை.

மனுவை அங்கே அடிக்க விடவில்லை. ஒரு தடவை பட்டது போதும். பள்ளிக்கூடக் கேள்வித்தாளை அடிக்கச் சொல்லி, கொம்பும் புள்ளியும் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று விரல் வைத்துப் பார்த்தேன். எச்சில் தொட்டுத் தேய்த்தும் பார்த்தேன். கரையவில்லை. அதையே வாங்கினேன்.

வீட்டில் அடித்த மனுவைக் கதவைச் சாத்திக்கொண்டு லயத்தாருக்கு வாசித்துக் காட்டினேன். இந்த முறை கணக்கப்பிள்ளை காதுக்குப் போகாது என்ற தைரியத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் லயமே கையெழுத்துப் போட்டது. அந்த மனுவால்தான் இன்று குழாயில் தண்ணீர் வருகிறது.

கையெழுத்து வாங்கி முடிந்ததும், மனுவை லிந்துலையிலேயே தபாலில் போடலாம் என்றாள் மருமகள். நான் தலவாக்கலைக்கு பஸ் ஏறினேன். அதே கடைக்குப் போய்க் கவர் ஒன்று மட்டும் கேட்டேன். கையெழுத்தெல்லாம் அவர் கண்ணில் படும்படி தாளை விரித்து, மெதுவாக மடித்தேன்.

"இத எங்க அடிச்சீங்க அக்கா?" என்றார்.

"வீட்லதான். கொப்பி வேணுமா தம்பி? யாருக்குக் குடுக்கணும்னு சொல்லுங்க, நானே அடிச்சு அனுப்புறேன்."

அவர் மேசையிலேயே வைத்து, நாக்கால் நனைத்துக் கவரை ஒட்டினேன்.