காயாத வேட்டி

புகையும் பூண்டும் ஈரப் பருத்தியும் கலந்த ஒரு மணம் உண்டு. ஐப்பசி மழையில் பூண்டி மலையில் வளர்ந்த எவரையும் கண்ணைக் கட்டி மோந்து பார்க்கச் சொன்னால், "எங்க வீட்டுப் பாவாடை" என்று சொல்லிவிடுவார்கள். அடைமழை பிடித்தால் பத்து நாளைக்கு வெயில் எட்டிப் பார்க்காது. கதவைத் திறந்தால் மேகம்தான் முதலில் உள்ளே வரும். துவைத்த துணிகளுக்கெல்லாம் ஒரே போக்கிடம், அடுப்புக்கு மேலே விதைப்பூண்டுக் கட்டுகள் தொங்கும் மூங்கில்கள். கட்டுகளுக்கு நடுவே அப்பாவின் சட்டை, அம்மாவின் சேலை, என் பாவாடை எல்லாம் தொங்கும். அவற்றைக் கருகவிடாமல் திருப்பிப் போடுவது பத்து வயதில் என் "சோலி". அந்த வீட்டுக்குள்ளேயே கிடக்கும்வரை அந்த மணம் எங்கள் மூக்குக்கு மட்டும் எட்டாது. வெளியூர்க்காரர்களுக்கு எட்டும், ஆனால் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

அக்காவைப் பெண் பார்க்க வந்த மூன்று கூட்டத்தாரும் அப்படித்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "ஊருக்குப் போய்ச் சொல்லி விடுறோம்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். யாரும் சொல்லி விடவில்லை. அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

நான்காவதாக அய்யம்பாளையத்திலிருந்து மாப்பிள்ளையும் அவர் தாயாரும் தாய்மாமனும் வந்தார்கள். வழியில் சேற்றில் மாட்டிய ஜீப்பை இறங்கித் தள்ளியதில் மாப்பிள்ளைக்கு இடுப்புவரை சேறு. அம்மா அவர் வேட்டியை அலசி மூங்கிலில் போட்டாள். அவர் அப்பாவின் கம்பளியைச் சுற்றிக்கொண்டு, காதுகுத்துக்கு உட்காரவைத்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். கம்பளி நழுவும்போதெல்லாம் அவரே சிரித்துக்கொண்டார். கதவிடுக்கில் நின்ற அக்காவும் சிரித்தாள். முந்தைய மூன்று தடவையும் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

சாப்பாடு முடிந்ததும் தாயார் சேலைத் தலைப்பால் மூக்கை ஒற்றிக்கொண்டு, "பொண்ணு லட்சணமாத்தேன் இருக்கு. மூணு மணி ஜீப்ப விட்டா வேற வண்டி இல்ல, வேட்டிய எடுத்துக் குடுங்க. ஊருக்குப் போய்ச் சொல்லி விடுறோம்" என்றார்.

நான் அடுப்படிக்கு ஓடினேன். அக்கா எனக்கு முன்னால் அங்கே நின்றாள். வேட்டி மொறமொறவென்று காய்ந்திருந்தது. இரண்டு மணி நேரம் நான் திருப்பித் திருப்பிப் போட்ட பாடு. அக்கா அதை உருவினாள், தண்ணீர் வாளியில் முக்கினாள், பிழியாமல் மறுபடி மூங்கிலில் போட்டாள். "இன்னும் காயலைன்னு சொல்லு. வெரசாப் போ" என்றாள்.

போய்ச் சொன்னேன். வீட்டில் இருந்த துணியெல்லாம் ஈரம். காய்ந்திருந்தது ஒன்றே ஒன்றுதான், தீபாவளிக்கென்று அப்பாவுக்கு எடுத்துப் பெட்டியில் வைத்திருந்த புது வேட்டி. புதுத்துணியை மஞ்சள் வைக்காமல் கொடுக்க அம்மாவுக்குக் கை வராது, வெறுங்கையில் நீட்டவும் வராது. மூலையில் மஞ்சள் தடவி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தாள். மாப்பிள்ளை உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

அதுவரை தூங்கி வழிந்துகொண்டிருந்த தாய்மாமன் அப்போதுதான் கண் விழித்தார். எதிரே தாம்பாளம், மருமகன் இடுப்பில் மஞ்சள் வைத்த புது வேட்டி. "ஏலே, நிச்சயம் முடிஞ்சிருச்சா? என்னைய எழுப்பியிருக்கலாம்ல" என்று குறைப்பட்டுக்கொண்டே வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். தாய்மாமன் வெற்றிலை போட்டுவிட்டால் எங்கள் பக்கத்தில் பேச்சு முடிந்தது என்று பொருள். தாயார் வாயைத் திறந்தார். தன் அண்ணன் திருப்தியாக மென்றுகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். தை மாதம் கல்யாணம் நடந்தது.

இப்போது அந்த வீட்டில் கேஸ் அடுப்பு. மூங்கில்களைக் கழற்றி வெகுநாளாகிறது. என் வீட்டிலும் மருமகள் மழைக்காலத்தில் துணிகளை மின்விசிறிக்கு அடியில் போடுகிறாள். அவை எந்த மணமும் இல்லாமல் காய்கின்றன, எனக்குத்தான் என்னவோபோல் இருக்கிறது.

போன மாதம் அய்யம்பாளையம் போயிருந்தேன். அக்கா வாசல் வெயிலில் துணி உதறிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் நெஞ்சுக்குள் உறுத்தியதை அத்தானிடம் கொட்டிவிட்டேன்: அன்றைக்கு வேட்டி காய்ந்துதான் இருந்தது.

"தெரியுமே" என்றார் அத்தான். "மாத்துறதுக்கு உள்ள வந்தப்ப அடுப்படியப் பாத்தேன். ரெண்டு மணி நேரம் நெருப்புக்கு மேல கெடந்த வேட்டி சொட்டுச் சொட்டா வடிச்சுக்கிட்டு இருக்கு. அது காயலையா, காய விடலையான்னு எனக்குத் தெரியாதா? அதுக்குப் பெறகுதேன் புது வேட்டிய இறுக்கிக் கட்டுனேன்."