செவ்வாய்க்கிழமைக் கொலையும் ஒரு மீசைப் பந்தயமும்

எங்கள் தெருவில் ஒரு கொலை நடந்தது. செய்தது யார் என்று தெரிய ஏறக்குறைய மூன்று மாதம் ஆனது. கொலை நடந்தது என்னவோ டிவியில்தான். ஆனால் அப்படி நினைத்து யாரும் பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை. குழாயடியில், ரேஷன் கடை வரிசையில், மில் சங்கு ஊதிய பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும் வழியில், எங்கும் இதே பேச்சு. மலை மேலே இருக்கும் அந்தப் பங்களா முதலாளியின் பாலில் விஷம் கலந்தது யார்? இந்தக் கேள்வியில் என் அப்பாவின் மீசை பணயமாக மாட்டிக்கொண்டது. அதைத்தான் எழுத வந்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். புதுச்சேரியில் கடலூர் ரோட்டை ஒட்டி, மில்லுக்குப் பின்பக்கம் எங்கள் தெரு. தெருவுக்கெல்லாம் ஒரே ஒரு டிவி. அது அடுத்த வீட்டு முசியேவுடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அது முதுகுக்குப் பின்னால். நேரில் பார்த்தால் முசியே, அவர் வீட்டம்மா மதாம். பிரான்சிலிருந்து பென்ஷன் வந்ததால் டிவி வந்தது. டிவி வந்ததால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆனால் அவர் வீட்டு முன்கூடத்தில் கால் வைக்க இடம் இருக்காது. மதாம் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. செருப்பை மட்டும் வரிசையாக விடச் சொல்வார்.

முசியேவின் மீசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டு பக்கமும் இறங்கி, வாயை மொத்தமாக மூடிக்கொண்டிருக்கும் மீசை அது. அதற்கு எண்ணெய் உண்டு, தனிச் சீப்பு உண்டு. அவர் காப்பி குடித்தால் முதல் வாய் மீசைக்குத்தான் போகும். அப்பாவுடையது அப்படி இல்லை. ஒழுங்காகக் கத்தரித்து ஓரம் முறுக்கிய மீசை. மாதக் கடைசியில் வீட்டில் அரிசி இருக்கிறதோ இல்லையோ, மீசை மட்டும் முறுக்கிக்கொண்டு நிற்கும்.

இரண்டு மீசைக்கும் ஆகாது. அப்பாவைப் பற்றி முசியே, "மரியாத தெரியாத மனுசன். நாம பேசினா தலைய ஆட்டிட்டுப் போயிடறாரு" என்பார். முசியேவைப் பற்றி அப்பா, "அந்தாளு வாய்க்குள்ளயே முணுமுணுத்துக்கிறாரு. அதுக்கு யாரு பதில் சொல்றது?" என்பார். ஆனால் அம்மாவும் மதாமும் தோழிகள். பின்கட்டுச் சுவருக்கு மேலே குழம்புக் கிண்ணங்கள் போய் வந்துகொண்டே இருக்கும். அந்தத் தைரியத்தில்தான் அப்பாவும் டிவி பார்க்கப் போனார். போனதும் போகாததுமாகக் குழந்தைகளை எல்லாம் நகர்த்திவிட்டு, டிவிக்கு ஒரு முழம் தள்ளி முதல் ஆளாக உட்கார்ந்துவிடுவார். எனக்கு வெட்கமாக இருக்கும்.

அந்தத் தொடர் அருமையான தொடர். இன்றைக்கு ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு விடிய விடியப் பார்த்தாலும் அந்தப் பயம் வரமாட்டேன் என்கிறது. அப்போது கதையின் முக்கியமான இடத்தில் நிறுத்திவிட்டு, போய் ஒரு வாரம் கழித்து வா என்று அனுப்பிவிடுவார்கள். அந்த ஒரு வாரம் முழுக்க நாங்களே கதை கட்டுவோம். முதலாளி செத்துப்போன பங்களாவில் ஒரு மேனேஜர், ஒரு டாக்டர், ஒரு டிரைவர், முதலாளியின் தங்கை. இவர்களில் ஒருத்தர் கொலைகாரர். தெருப் பெண்கள் தங்கையைச் சந்தேகப்பட்டார்கள், அவள் கட்டியிருந்த புடவை அப்படி. அப்பா மட்டும் முதல் வாரத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"மேனேஜருதான். மூஞ்சியப் பாரு. எங்க மேஸ்திரி மூஞ்சி அப்பிடியே."

மில் மேஸ்திரிக்கும் அப்பாவுக்கும் என்ன தகராறு என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மேனேஜர் பாவம், மேஸ்திரி மாதிரி இருந்த ஒரே குற்றத்துக்காக வாராவாரம் அப்பாவிடம் திட்டு வாங்கினார்.

பாதித் தொடர் போன பிறகு அந்தக் கட்டம் வந்தது. முதலாளியின் தங்கைக்கு இரவில் ஒரு டெலிபோன் வருகிறது. பேசுபவன் முகத்தைக் காட்டவில்லை. இருட்டில் ஒரு கை, கறுப்பு டெலிபோன், அவ்வளவுதான். "உன் அண்ணனுக்கு நடந்ததுதான் உனக்கும்" என்று ஒரு குரல். கரகரத்த, இழுத்து இழுத்துப் பேசுகிற குரல். கூடமே ஒரே வாயாக, "டாக்டரு!" என்று கத்தியது. சந்தேகமே இல்லை. அந்தக் குரல் டாக்டருடையதுதான் என்று கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

அப்பா திரும்பி எங்கள் முகங்களைப் பார்த்தார். "என்னா, எல்லாரும் கத்தறீங்க?"

"டாக்டருப்பா! குரலு கேட்டுச்சு இல்ல?" என்றேன்.

"குரலாவது ஒண்ணாவது. மேனேஜருதான்" என்றார் அப்பா.

முசியேவுக்குப் பொறுக்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். ஏதோ சொன்னார், அப்பா கண்டுகொள்ளவில்லை. உடனே முசியே தன் மீசையை ஒரு கையால் பிடித்து, இன்னொரு கையின் ஆள்காட்டி விரலைக் கத்தியாக்கி ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினார். பிறகு அதே விரலை அப்பாவின் மீசையை நோக்கி நீட்டினார். மேனேஜர் என்றால் நான் எடுக்கிறேன், டாக்டர் என்றால் நீ எடு. அப்பாவுக்கு அது மட்டும் பளிச்சென்று புரிந்துவிட்டது. "செரி!" என்று தொடையைத் தட்டினார். தெருவே சாட்சி.

வீட்டுக்கு வந்ததும் எனக்குக் கோபம் தாங்கவில்லை. இவ்வளவு தெளிவாகக் கேட்ட குரலை எப்படி ஒரு மனுஷன் மறுக்க முடியும்? அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, "அப்பா, பந்தயம் வாணாம்பா" என்றேன். பதில் இல்லை. ரோஷம் என்று நினைத்தேன். இன்னும் சத்தமாக, "அப்பா, தட்டுல பல்லி!" என்றேன். அப்பா நிதானமாக ரசத்தைப் பிசைந்து ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அடுப்பங்கரைக்கு ஓடினேன். அம்மா என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"உனுக்கு இப்பதான் தெரிஞ்சுதா? நாலஞ்சு வருசமாவே அப்பிடித்தான். தறிச் சத்தத்துல காது போயிட்டுது. வாயப் பாத்துப் புரிஞ்சிப்பாரு. வெளிய சொல்லிடாத, அவுருகிட்டயும் கேட்டுடாத. மனுசன் ரோஷக்காரரு."

எனக்கு ஏன் தெரியாமல் போனது என்று பிறகு யோசித்தேன். தறிக்கூடத்துக்குள் நின்று கத்தினால்கூடப் பக்கத்து ஆளுக்குக் கேட்காது. அதனால் அங்கே பேச்சு என்றால் முதலில் தோளைத் தொட வேண்டும். ஆள் திரும்பியதும் முகத்துக்கு நேராக வாயைப் பெரிதாகத் திறந்து பேச வேண்டும். மீதியைக் கை பார்த்துக்கொள்ளும். அந்தப் பழக்கம் சங்கு ஊதியதும் அவர்களோடு வீட்டுக்கு வந்துவிட்டது. எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான் பேசினோம். பிறந்ததிலிருந்து நானும் தோளைத் தொட்டுத்தான் அப்பாவைக் கூப்பிடுவேன். காது கேட்காத ஒருவர் எங்கள் நடுவில் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இருந்திருக்கலாம், ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. தெருவில் மில்லுக்கே போகாத ஆண் முசியே ஒருத்தர்தான். அவருக்கு அந்தப் பேச்சு வராது. போதாக்குறைக்கு, அப்பா பார்க்க வேண்டிய அவர் வாயை அந்த மீசை மூடி வைத்திருந்தது. மரியாதை தெரியாத மனுஷர் என்று பெயர் வாங்கிக் கொடுத்ததே அந்த மீசைதான்.

அன்று நான் அழுதேன். மறுநாள் சிரிப்பு வந்தது. அதற்கு அடுத்த நாள் பயம் வந்துவிட்டது. டாக்டர்தான் கொலைகாரர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்பா தோற்கப் போகிறார். மீசை போனால் போகிறது, முளைத்துவிடும். ஆனால் ஊருக்கே கேட்ட குரல் இவருக்கு மட்டும் எப்படிக் கேட்கவில்லை என்று யாராவது வாய்விட்டுக் கேட்டுவிட்டால்? பிறகு தெரு அவரைச் செவிடன் என்று கூப்பிடும். எங்கள் தெரு நல்ல தெருதான். ஆனால் பட்டப்பெயர் வைப்பதில் அதற்கு ஈவு இரக்கம் கிடையாது.

தோளைத் தொட்டு, முகத்துக்கு நேராக நின்று, "பந்தயத்த விட்டுடுப்பா" என்று கெஞ்சினேன். "மேஸ்திரி மூஞ்சிம்மா அது. எனுக்குத் தெரியாதா?" என்றார். ஒவ்வொரு செவ்வாயும் அந்தக் கரகரத்த குரல் இன்னொரு டெலிபோனில் வந்தது. ஒவ்வொரு முறையும் கூடம் சிரித்தபடி அப்பாவைப் பார்த்தது. அப்பாவோ தனக்குத்தான் ஆதரவு கூடுகிறது என்று நினைத்துத் தெம்பாகத் தலையாட்டினார். யாரோ ஒரு பிள்ளை சவரக் கத்தி தீட்டுவது போலச் செய்து காட்டினான். அதற்கும் சிரித்தார்.

கடைசிச் செவ்வாய் வந்தது. அப்பாவுக்கு அந்த வாரம் சாயங்கால ஷிப்ட். யாரிடமோ கெஞ்சிக் காலை ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு வந்திருந்தார். கூடம் நிறைந்து ஜன்னல் கம்பிகளில் எல்லாம் தலைகள். நான் மதாமின் பக்கத்தில் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரையில் போலீஸ்காரர் எல்லாரையும் ஓர் அறையில் நிற்க வைத்தார். டாக்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். முசியே மீசையைத் தடவிக்கொண்டார். போலீஸ்காரர் நடந்து போய் மேனேஜர் எதிரில் நின்று, "இப்போ பேசுங்க, டெலிபோன்ல பேசின மாதிரி" என்றார்.

மேனேஜர் சிரித்தார். அவர் வாயிலிருந்து டாக்டரின் குரல் வந்தது.

பழி டாக்டர் மேல் விழட்டும் என்று அந்த ஆள் அத்தனை வாரமும் டாக்டரைப் போலக் குரல் மாற்றிப் பேசியிருக்கிறான். ஊரில் காது உள்ளவர்கள் எல்லாரும் மொத்தமாக ஏமாந்திருந்தோம். அப்பாவுக்கு இந்தக் குரல் விவகாரம் எதுவும் போய்ச் சேரவே இல்லை. மேனேஜர் கையில் விலங்கு ஏறியதைப் பார்த்தார், எழுந்தார், எங்கள் பக்கம் திரும்பி மீசையின் இரண்டு ஓரத்தையும் முறுக்கினார். நான் கத்திய கத்தில் மதாம் காதைப் பொத்திக்கொண்டார். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குமுன் இருந்ததில்லை.

வீட்டுக்கு வரும்போது அப்பா என் தோளைத் தொட்டுக் கேட்டார்: "மொதல்லேருந்தே தெரியுதே. அப்புறம் ஏன் எல்லாரும் டாக்டரு டாக்டருன்னீங்க?"

"எங்களுக்கு உன் அளவுக்கு மூளை இல்லப்பா" என்றேன்.

மறுநாள் காலையில் முசியே வீட்டு வாசலில் கூட்டம். சொன்ன சொல் தவறினால் பட்டாளத்துக்கே அவமானம் என்று தானே கத்தியைப் பிடித்து மழித்துக்கொண்டு வந்து நின்றார். மூக்குக்குக் கீழே ஒரு பட்டை மட்டும் வெளுத்துப் போய், அடையாளமே தெரியவில்லை. அப்பா காலை ஷிப்டுக்குச் சைக்கிளை எடுத்தார். முசியே குறுக்கே வந்து நின்று, "என்னா மில்லுக்காரரே, இப்பத் திருப்தியா?" என்றார்.

அப்பா அவர் வாயைப் பார்த்தார். "திருப்திதான் முசியே. ஆனா மீச இல்லாம நீங்க பத்து வயசு கொறஞ்சி போயிட்டீங்களே, மதாம் என்னா சொன்னாங்க?"

முசியே மழித்த இடத்தை ஒரு தடவை தடவிக்கொண்டார். பிறகு மதாம் சொன்னதைச் சொன்னார். அதற்கு அப்பா ஒன்று சொன்னார். சங்கு ஊதும்வரை இருவரும் சைக்கிளின் இரண்டு பக்கமும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். மில்லில் அன்று அப்பாவுக்குத் தாமதத்துக்காகத் திட்டு விழுந்தது. பிறகு தினமும் பேச்சுதான். பட்டாளத்தில் பார்த்த பாலைவனம், கப்பல், பனி எல்லாவற்றையும் முசியே சொல்லச் சொல்ல, அப்பா குழந்தை மாதிரி வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "தோத்தப்பறந்தான் மனுசன் ஒழுங்கா வாயத் தொறந்து பேசறாரு" என்று எங்களிடம் பெருமைப்பட்டுக்கொள்வார்.

கொஞ்ச நாளில் முசியேவின் மேலுதட்டில் மறுபடி நரை முள் முளைக்க ஆரம்பித்தது. பந்தயம் ஒரு தடவை எடுப்பதற்குத்தானே. அன்று மத்தியானம் அம்மா வஞ்சிர மீன் குழம்புக் கிண்ணத்தோடு பின்கட்டுச் சுவரோரம் போனாள். மதாமிடம் ரொம்ப நேரம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசினாய் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் காலையில் முசியே முகம் மழமழவென்று இருந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அவர் மீசையை வளரவிடவில்லை.

முசியே ஏன் மீசை வளர்க்கவில்லை என்பது அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது. பார்க்கும்போதெல்லாம், "தோத்த மூஞ்சியப் பாரு, தோத்த மூஞ்சிய" என்று தெருவே கேட்கச் சொல்லிச் சிரிப்பார். முசியே முதலில் அப்பாவின் தோளைத் தொடுவார். பிறகு முகத்துக்கு நேராக நின்று, வாயை நன்றாகத் திறந்து, "ஆமாய்யா, தோத்துட்டேன்" என்பார்.