சூடாக விழுந்த மல்லித்தூள்

காஜா பேராங் சாலை மசாலா மில்லில் வேலை பார்த்த சுப்பையனுக்கு அவசரம் என்றாலே குமட்டும். ஓயாமல் சைக்கிள் மணி அடிப்பவன், சோற்றை அள்ளி அள்ளிப் போட்டுக்கொள்பவன், பேச்சு முடியுமுன் தலையாட்டுபவன், இவர்களில் யாரைக் கண்டாலும் முகம் சுளிப்பார். ஆனால் மலாக்கா டவுனில் அவருக்கு இருந்த பெயர் வேறு. எந்த இயந்திரத்தையும் இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடவைக்கத் தெரிந்தவர் என்பார்கள்.

நாடு சுதந்திரம் அடையவிருந்த வருடம் அது. பக்கத்துக் கிளேபாங்கில் புதிதாக ஒரு மில் வந்திருந்தது. அங்கே போனால் காத்திருக்கவே வேண்டாமாம். சுப்பையனின் முதலாளி கலியாணசுந்தரத்துக்கு அதைக் கேட்டதிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை.

"சுப்பையா, புல்லிய மாத்து லா. பெருசாப் போடு. வேகம் பத்தல."

"இதுக்கு மேல ஓட்டாதேன்னு தகட்டுல போட்டிருக்கான் முதலாளி."

அரைக்கும் இயந்திரத்தின் நெற்றியில் இங்கிலாந்துக்காரன் அடித்து அனுப்பிய பித்தளைத் தகடு ஒன்று உண்டு. முதலாளி அதை ஒரு பார்வை பார்த்தார்.

"அவனே மூட்டை கட்டிட்டு இருக்கான். அவன் தகட்டுக்கு என்னா மரியாதை?"

சுப்பையன் பயந்துகொண்டே செய்தார். அதனால் ஒழுங்காகச் செய்தார். மோட்டாரில் பெல்ட் ஓடும் புல்லிச் சக்கரத்தைக் கழற்றி, அதைவிட ஒரு அளவு பெரியதை மாட்டினார். முதலில் வெறுமனே ஓட்டினார். பிறகு பாதி மல்லி, பிறகு முழு மல்லி. பேரிங் மீது உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், கை பொறுத்தது. பெல்ட் வழுக்கவில்லை, மோட்டார் முனகவில்லை. இரண்டு நாள் அப்படியே விட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அளவுக்குப் போனார். அதற்கு மேல் ஒன்றை மாட்டியபோது பேரிங் சுட்டது. உடனே கழற்றி ஒரு படி இறங்கிக்கொண்டார். இயந்திரத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

குறை தூளுக்குத்தான் வந்தது. கற்களுக்கு நடுவில் மல்லி வறுபட்டு, கருகல் நெடியோடு, கை வைக்க முடியாத சூட்டில் தகர டின்னில் விழுந்தது. மிளகாயோ அதைவிட மோசம். சுப்பையன் மூக்கைப் பொத்திக்கொண்டார். மறுநாளே கழற்றிவிடலாம் என்று நினைத்தார். அதற்குள் ஊருக்கு அது பிடித்துப் போய்விட்டது.

காஜா பேராங் பெண்களுக்கு ஒரு கணக்கு உண்டு. டின்னைத் தொட்டுப் பார்ப்பார்கள். சூடாக இருந்தால் அப்போதே அரைத்தது. ஆறியிருந்தால் யாரோ அரைத்து வைத்த பழையது. இப்போது டின் கொதித்தது. ஆகவே தூள் இதுவரை இல்லாத புதுசு. கிளேபாங் மில்லைக் கேட்பாரில்லை.

வீட்டில் சுப்பையனால் சாப்பிட முடியவில்லை. குழம்பில் அதே கருகல்.

"ஊரே வாங்கித் திங்குது. மூக்கு ஒங்களுக்கு மட்டுந்தான் இருக்கா?" என்றாள் அவர் மனைவி நாகம்மா.

"ஊருக்குக் கைதான் இருக்கு," என்று தட்டைத் தள்ளினார். தட்டு தள்ளப்படும் ஒவ்வொரு வேளையும் அவள் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. பழைய புல்லி திரும்பாவிட்டால் வீட்டில் சோறும் இல்லை, பேச்சும் இல்லை என்பது அவருக்குப் புரிந்தது. முதலாளியிடம் கேட்டார்.

"கூட்டத்தைப் பாரு. பைத்தியமா ஒனக்கு?" என்றார் முதலாளி.

அப்போது பராச்சு வந்தது. கம்போங் செட்டிக் கிராமத்தில் முன்னோருக்கு வாழையிலையில் படையல் வைக்கும் நாள். அந்தக் கிராமத்துச் சாரதாம்பாள் மாமியாரின் படையலுக்கு மல்லியும் மிளகாயும் கொண்டுவந்து வைத்துவிட்டு, பிற்பகல் வருவதாகச் சொல்லிப் போனாள். பல தலைமுறைக்கு முன்பே தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய செட்டி மக்கள் வீட்டில் பேசுவது மலாய். உறவுமுறையில் மட்டும் தமிழ் ஒட்டியிருக்கும்.

உயிரோடிருப்பவர்கள் கருகலைத் தின்று பாராட்டட்டும், அது அவர்கள் பாடு. செத்துப்போனவளுக்கு மூக்கு மிச்சமிருந்து தொலைத்தால் என்ன செய்வது? முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் சுப்பையன் பழைய புல்லியை மாட்டினார். காலி டின்களைப் பின்கட்டுத் தகரக் கூரைமேல் வெயிலில் கவிழ்த்து வைத்தார். தூள் நிதானமாக, மணமாக, வெதுவெதுப்பாக விழுந்தது. பிறகு அதைக் கொதிக்கும் டின்னில் கொட்டினார்.

சாரதாம்பாள் டின்னைத் தொட்டு விரலை உதறிக்கொண்டாள்.

"பானாஸ் மாமா. பாகுஸ்," என்றாள். சூடு இருக்கிறது, ஆகவே நல்லது.

முகர்ந்து பார்க்கவில்லை. முகர்ந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாளிலிருந்து பழைய புல்லியும் கூரைமேல் வெயிலில் காய்ந்த டின்னுமே வழக்கமாயின. அரைப்பு மெதுவானதால் வாசலில் வரிசை நீண்டது. முதலாளியும் ஒரு டின்னைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரிசையைக் காட்டினார்.

"பாத்தியா? எல்லாம் வேகம். நீதான் பயந்தே."

காறித் துப்பலாம் போலிருந்தது சுப்பையனுக்கு. "ஆமா முதலாளி," என்றார்.

அன்றிரவு இரண்டாம் முறை சோறு கேட்டார். நாகம்மா கரண்டியோடு நின்று அவரைப் பார்த்தாள்.

"இன்னிக்கும் மில்லுத் தூளுதான்."

"தெரியும். போடு."

அவள் போட்டாள். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "மழை வர்ற மாதிரி இருக்கு," என்றாள். சுப்பையன் பிசைந்த கையை நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்த்தார்.