ஒரு ஆணிகூட அடிக்கக்கூடாது

அந்தத் தெருவில் அவளுக்குக் கேள்விக்காரி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் கம்பெனி கொடுத்த அடையாள அட்டையில் பத்திரமாகத் தொங்குகிறது. அதைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. வீட்டில் எத்தனை பேர், யார் சம்பாதிக்கிறார்கள், தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள், கக்கூஸ் உண்டா, இடம் மாறச் சம்மதமா என்று வாசல் வாசலாகக் கேட்டு எழுதுவது அவள் வேலை. முதல் தடவை ஜனங்கள் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பதில் சொன்னார்கள். இப்போதெல்லாம் தெருமுனையில் அவள் தலை தெரிந்தாலே, "அதே ஆளுங்கதான், அதே கக்கூஸ்தான், எழுதிக்கோ" என்று உள்ளிருந்தே குரல் வருகிறது.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மலையிலிருந்து வரும் கல்லை அரைத்துக் கழுவி உலோகம் பிரிக்கும் ஆலை ஒன்றைக் கம்பெனி கட்டத் தொடங்கி, பாதியில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறது. மீதி வேலைக்கு ஒரு வளர்ச்சி வங்கி கடன் தர வேண்டும். ஆலைக் கழிவு தேங்குகிற குட்டைக்கு இந்தத் தெரு இருக்கும் இடம் வேண்டும். இங்கே இருப்பவர்களுக்கு வேறு இடத்தில் வீடு கட்டிக் கொடுத்து, அவர்களும் மனசாரப் போகிறார்கள் என்று தெரிந்தால்தான் வங்கி முடிச்சை அவிழ்க்கும். நல்ல நிபந்தனைதான். ஆனால் வங்கியில் அதிகாரிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். வருகிற ஒவ்வொருவரும், இந்தக் கணக்கு பழசாகிவிட்டது, புதிதாக எடுங்கள் என்பார். இவள் மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவாள். ஆறேழு வருஷம் இப்படியே ஓடிவிட்டது. அத்தனை செருப்பு தேய்ந்ததை எந்தக் கணக்கும் எடுக்கவில்லை.

அவளுடைய அப்பாவும் அதே தெருவில்தான் இருந்தார். ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு தனியாக. மகள் கட்டிக்கொண்டு போன வீட்டில் இரண்டே அறை, அதில் ஐந்து பேர்; அங்கே வந்து இருக்கச் சொன்னால், "என்னை எந்த ஆணியில மாட்டுவே?" என்று சிரிப்பார். அவர் வீட்டுத் தகரக் கூரை துருப்பிடித்து ஓட்டை விழுந்து மூன்று மழைக்காலம் ஆயிற்று. படுக்கும் அறையில் ஒழுகத் தொடங்கியதும் கட்டிலைக் கூடத்துக்கு இழுத்தார். கூடத்திலும் ஒழுகியபோது பாயைச் சுருட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். இந்த மழையில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுக்கத் தொடங்கியிருந்தது. அப்பா ஒரு காய்ந்த அறையில் படுக்க வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதற்குக் கடன் வர வேண்டும், ஆலை எழ வேண்டும், புது வீடு வர வேண்டும் என்று இருந்தது.

கூரையை மாற்றினால் என்ன என்று கேட்கலாம். மாற்றக்கூடாது என்று சொன்னதே அவள்தான். முதல் கூட்டத்தில் வங்கியின் முதல் அதிகாரி, இன்றைய தேதிக்குப் பிறகு புதிதாகக் கட்டுவது எதுவும் மாற்று வீட்டுக் கணக்கில் சேராது என்றார். வீட்டுக்கு வீடு சுவரில் சிவப்புப் பெயின்டில் எண் போட்டார்கள். கூட்டம் முடிந்து வாசல் வாசலாக விளக்கப் போனவள் இவள். யாராவது எதையாவது இடித்துக் கட்டி, அதனால் மொத்தத் தெருவின் கணக்கும் கெட்டுவிட்டால்? எதற்கு வம்பு என்று தன் பங்குக்குக் கொஞ்சம் கூட்டியே சொன்னாள். "வீட்டைத் தொடாதீங்க. ஒரு ஆணிகூட அடிக்கக்கூடாது."

தெரு அவள் பேச்சைத் தட்டவில்லை. நம்ம பொண்ணு சொல்கிறாள் என்று நம்பியது. யாரும் வெள்ளையடிக்கவில்லை. விழுந்த சுவரைச் சாக்கைத் தொங்கவிட்டு மறைத்தார்கள். தையல்காரர் வீட்டில் கூரை ஒழுகியது போதாதென்று கதவும் கீல் விட்டுப் போய், ராத்திரி அதைத் தூக்கி வைத்துக் கல்லை அண்டக் கொடுத்துப் படுத்தார்கள்.

இந்தத் தடவை வந்த அதிகாரி ஒரு பெண். தணிந்த குரல், நல்ல மாதிரி. கேள்விக்காரி அவரை அப்பா வீட்டுக்கும் அழைத்துப் போனாள். வெளியே மழை. கூடத்தில் மூன்று இடத்தில் பாத்திரம் வைத்திருந்தது. அந்த அம்மாள் அண்ணாந்து பார்த்தார்.

"ஏன் ஐயா, இதை மாத்தக்கூடாதா?"

"மாத்தக்கூடாதுன்னுதானேம்மா உங்க பேங்க்ல சட்டம்" என்றார் அப்பா, சட்டம் தெரிந்தவர் என்ற பெருமையோடு.

"அப்படி ஒண்ணும் இல்லையே. புதுசா கட்டினாத்தான் கணக்குல வராது. இருக்கிற வீட்டை ரிப்பேர் பண்றதுக்கு எப்பவுமே தடை கிடையாது. யார் சொன்னா அப்படி?"

கேள்விக்காரி அப்பாவைப் பார்த்தாள். அப்பா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரும் சொல்லலைம்மா. நானாத்தான் தப்பா நினைச்சுக்கிட்டேன். வயசாயிடுச்சில்ல."

அந்த அம்மாள் பாவம் என்பதுபோலத் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அப்பா அடித்திருந்தால்கூட மகள் தாங்கியிருப்பாள்.

மறுநாள் கம்பெனி மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். தெருவுக்கு நானே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றாள். அவர் ஃபைலிலிருந்து நிமிரவில்லை.

"எதுக்கும்மா இப்ப அதெல்லாம்? ஒழுகுற வீட்டுல இருக்கிறவங்கதான் போறேன்னு சட்டுனு சம்மதிப்பாங்க. நீங்க அன்னைக்குச் சொன்னது நமக்கு நல்லதாத்தான் ஆச்சு. விடுங்க."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அலுத்துப்போன மனிதர். அவளும் அலுத்துப்போனவள்தான், ஆனாலும் இது மட்டும் தொண்டையில் இறங்கவில்லை. அன்று மாலையே அடையாள அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போனாள். முதலில் தையல்காரர் வீடு. நடு வாசலில் நின்று, "அண்ணே, நான் சொன்னது தப்பு. வீட்டை ரிப்பேர் பண்ணலாம். அப்பவே பண்ணியிருக்கலாம். நான்தான் கூட்டிச் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க" என்றாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பார் என்று எதிர்பார்த்திருந்தாள். தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்.

"கம்பெனியில உன்னை வேலையை விட்டு எடுத்துட்டாங்களா தங்கச்சி?"

"இல்லண்ணே."

"பின்ன ஏன் இப்படி மாத்திப் பேசுற? இவ்வளவு நாள் பொறுத்தாச்சு. இப்பப் போய்க் கையை வைச்சு, நாளைக்கு அடுத்த ஆபீசர் வந்து வேற சொன்னா? போம்மா, போய் ரெஸ்ட் எடு. மூஞ்சியே சரியில்ல."

அடுத்த வீட்டிலும் அதே பேச்சு. அதற்கடுத்த வீட்டில் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். தொடாதே என்று ஒரே ஒரு தடவை சொன்னதை அப்படியே நம்பியவர்கள், தொடலாம் என்று தொண்டை வற்றச் சொன்னதை நம்பவில்லை. ஒருவராவது அவளைத் திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

கண்ணால் பார்த்தால் நம்புவார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. கூரை போடுகிற கொத்தனாரிடம் பேசி முடித்தாள். ஞாயிற்றுக்கிழமை, மழை விட்டிருந்த நேரத்தில், அவர் ஏணியும் புதுத் தகரமுமாக அப்பா வீட்டு வாசலில் வந்து இறங்கினார். தெரு முழுக்க வாசலுக்கு வந்து நின்று பார்த்தது.

அப்பா மூச்சு வாங்க வெளியே வந்து ஏணியில் கை வைத்தார்.

"கொத்தனாரே, ஏறாதீங்க."

"அப்பா, இதைப் பார்த்தாத்தான் அவங்களும் செய்வாங்க. உங்களுக்கு உடம்பு வேற..."

"செய்ய மாட்டாங்க" என்றார் அவர், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில். "நம்மளை எல்லாம் நனையவிட்டுட்டு, கம்பெனிக்காரி அவ அப்பன் வீட்டை மட்டும் முதல்ல பார்த்துக்கிட்டான்னுதான் சொல்வாங்க. அப்புறம் நீ இந்தத் தெருவுல தலைநிமிர்ந்து நடக்க முடியாது." பிறகு கொத்தனாரைப் பார்த்து உரக்கச் சொன்னார். "தகரத்தைத் தையல்காரர் வீட்டுக்குக் கொண்டு போங்க. எல்லா வீடும் ஆகட்டும். நம்ம வீடு கடைசியில."

தையல்காரர் வேண்டாம் என்று தலையாட்டினார். தகரத்தைத் தூக்கிய கொத்தனார், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நடுத்தெருவில் நின்றார். மறுபடி தூறத் தொடங்கியது. அப்பா குனிந்து உள்ளே போனார். அடுப்படியிலிருந்து அவர் இருமுவது கேட்டது. கேள்விக்காரி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தையல்காரர் வாசலை நோக்கி நடந்தாள்.