ஸ்டாஃப் டிக்கெட்டில் ஏழு மாதம்

செக்-இன் கவுண்டரில் அவளுக்கு டீச்சரம்மா என்று பெயர். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவள் பாடம் நடத்தியதில்லை. பதினோரு வருடமாக விமான நிலையத்தில் பெட்டியை எடைபோட்டு போர்டிங் பாஸ் கொடுப்பவள்தான். ஆனால் மாசமாக இருக்கும் ஒருத்தி வரிசையில் வந்துவிட்டால் போதும், வகுப்பு ஆரம்பித்துவிடும்.

"எத்தனையாவது வாரம்? டாக்டர் லெட்டர் எங்க? நடக்கிற வழிப் பக்கமா சீட் போட்டிருக்கேன், மணிக்கொரு தடவை எழுந்து நடங்க. தண்ணி குடிச்சுக்கிட்டே இருங்க. பெல்ட்டை வயித்து மேல போடாதீங்க, கீழே தொடையோட ஒட்டிப் போடுங்க. கால் ஒரு மாதிரியா வலிச்சா கம்முனு உக்காந்திருக்காதீங்க, ரத்தம் கட்டிக்கும்!"

பின்னால் நிற்கும் நாற்பது பேரும் பல்லை நறநறவென்று கடிப்பார்கள். டீச்சரம்மா கண்டுகொள்ள மாட்டாள். கேட்டுக்கொண்டவள் தலையாட்டினால்தான் போர்டிங் பாஸ் கைக்கு வரும்.

கடைசியில் அவளுக்கே முப்பதாவது வாரம் வந்தது. கணவனுக்கு வேலை கடல் தாண்டி. பிரசவம் அங்கேதான் என்று முடிவானது. பதின்மூன்று மணி நேரப் பயணம். வீட்டில் ஆளாளுக்கு உபதேசம். "தண்ணியே குடிக்காத, அப்புறம் சும்மா சும்மா பாத்ரூம் போகணும்" என்றாள் அம்மா. "ஆடாம அசையாம உக்காந்து போய்ச் சேரு" என்றாள் மாமியார், போனில். டீச்சரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாவம், படிக்காத ஜனங்கள்.

அவள் கையில் இருந்தது ஸ்டாஃப் டிக்கெட். ஊழியர்களுக்குக் கம்பெனி கொடுக்கும் சலுகை, ஏறக்குறைய இலவசம். பணம் கொடுத்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்த பிறகு மிச்சம் மீதி எந்த சீட் கிடைக்கிறதோ அதுதான் கிடைக்கும். அதோடு எழுதி வைக்காத விதிகள் சில உண்டு. சீட் மாற்றிக் கேட்கக் கூடாது. பணிப்பெண்ணைக் கூப்பிடும் பெல்லை அழுத்தக் கூடாது. காசு கொடுத்து ஏறியவர் மீது மூச்சுக்காற்றுகூடப் படக் கூடாது. இரண்டாவது காபி கேட்ட ஒருவனுக்கு ஒரு வருடம் சலுகையே போய்விட்டதாக ஓய்வறையில் ஒரு கதை ஓடும். அவன் யார், எந்த வருடம் என்று யாருக்கும் தெரியாது. பயப்படுவதற்கு அதெல்லாம் தெரிய வேண்டுமா என்ன?

அவளுக்குக் கிடைத்தது நடு சீட். ஜன்னல் பக்கம் கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன். வழிப் பக்கம் டை கட்டிய பெரிய உடம்புக்காரர். விமானம் கிளம்புவதற்கு முன்பே அவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனார்.

முதல் ஒரு மணி நேரம் டீச்சரம்மா நல்ல மாணவியாக இருந்தாள். பெல்ட் வயிற்றுக்குக் கீழே. காலில் இறுக்கமான காலுறை. பாதத்தை மேலும் கீழும் ஆட்டினாள். எழுந்து நடக்க வேண்டிய நேரம் வந்ததும் பெரியவரைப் பார்த்தாள். எவ்வளவு சுகமான தூக்கம்! முழுக் கட்டணத் தூக்கம். அதைக் கலைக்க இவள் யார்? தண்ணீர் வந்தபோது வேண்டாமென்று சொல்லிவிட்டாள், குடித்தால் எழுந்திருக்க வேண்டுமே. பதினோரு வருடப் பாடம் ஒரு குறட்டைச் சத்தத்துக்கு முன்னால் செல்லாக்காசாகிவிட்டது. அம்மாவும் மாமியாரும் சொன்னதை அவர்களே வெட்கப்படும்படி அப்படியே கடைப்பிடித்தாள்.

ஆறாவது மணி நேரத்தில் இடது கெண்டைக்கால் வலித்தது. பிசைந்து பார்த்தாள், விடவில்லை. காலுறையைக் கழற்றி வலது காலோடு ஒப்பிட்டாள். இடது கால் தடித்து, சூடாக இருந்தது. அது என்னவாக இருக்கலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கட்டிய ரத்தம் நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் என்ன ஆகும் என்றும் தெரியும். விரல் பெல் வரைக்கும் போனது, திரும்பி வந்தது. இன்னும் ஏழு மணி நேரம்தானே, தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள் அந்த மகராசி.

உள்ளே பிள்ளை ஓங்கி ஓர் உதை விட்டது. ஸ்டாஃப் டிக்கெட் விதிகளை அதற்கு இன்னும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. டீச்சரம்மா பெல்லை அழுத்தினாள். பக்கத்துத் தோளையும் தட்டினாள்.

"மன்னிச்சுக்கோங்க சார். நான் எழுந்திரிக்கணும், கால்ல என்னமோ ஆகுது."

பெரியவர் அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்தார். "அட, இதுக்கு எதுக்கும்மா மன்னிப்பு? அப்பவே ஒரு தட்டு தட்டியிருக்கலாமே! இந்தாங்க, என் சீட்ல உக்காருங்க."

ஜன்னலோரப் பையன் அதற்குள் இருவரையும் தாண்டிக் குதித்தான். "நாலு மணி நேரமா அடக்கிட்டு இருக்கேங்க்கா! மாசமா இருக்கறவங்கள எழுப்பக் கூடாதுன்னு..." மீதியைக் கழிப்பறைக்குள் போய்ச் சொல்லியிருப்பான்.

விமானத்தில் டாக்டர் யாராவது உண்டா என்று பணிப்பெண் அறிவித்தாள். கண் டாக்டர் ஒருவர் வந்தார். கண்ணைப் பார்ப்பவர் ஆனாலும் காலைப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது. இறங்கிய இடத்தில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது.

ஸ்கேனில் முழங்காலுக்குப் பின்னால் ரத்தக்கட்டு தெரிந்தது. முதலில் பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்க வைத்துவிட்டுத்தான் டாக்டர் பேசினாள். "பிள்ளை நல்லா இருக்கு. கட்டு இன்னும் நகரல. நகர்ந்திருந்தா ரெண்டு பேருமே இங்க வந்திருக்க மாட்டீங்க." டீச்சரம்மா கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அன்றிலிருந்து ரத்தம் கட்டாமலிருக்க தினமும் ஊசி. பெண் பிறந்தாள். பிறகும் ஒன்றரை மாதம் ஊசி.

ஊர் திரும்ப வேண்டிய நேரம் வந்தது. கணவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, "ஸ்டாஃப் டிக்கெட்தானே?" என்றான்.

"வேண்டாம். முழு டிக்கெட் போடுங்க."

"சும்மா கிடைக்கறத ஏன் விடணும்?"

"அந்த டிக்கெட்ல ஏறினா எனக்கு வாயே திறக்காதுங்க" என்றாள், மடியில் கிடந்தவளைப் பார்த்துக்கொண்டே. "வழியில இவ அழுதா என்ன பண்ணுவேன்? இவ வாயையும் பொத்தவா?"