லோரி வருதா, வந்துக்கிட்டு இருக்கா?

கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில் பூரணத்திடம் "இதோ வரேன்க்கா" என்று சொல்லிவிட்டு யாரும் லேசில் நழுவிவிட முடியாது. குழாய் ரிப்பேர் செய்கிறவனாக இருக்கட்டும், பந்தல் போடுகிறவனாக இருக்கட்டும், கூடப் பிறந்த தம்பியாகவே இருக்கட்டும், ஒரே கேள்விதான்.

"வரேன்னா? வந்துக்கிட்டு இருக்கியா, வரப் போறியா?"

பதில் வாங்காமல் விடமாட்டாள். திமிர் என்று சொல்கிறவர்கள் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தக் கேள்விக்குள் ஒரு லோரி இருக்கிறது, ஒரு நாற்காலி இருக்கிறது. பல வருஷம் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படித்தவர்களுக்கும் பிடிபடாத இங்கிலீஷ் இருக்கிறது. அது தெரியாதவர்கள்தான் திமிர் என்பார்கள்.

எண்பத்தொன்றாம் வருஷம் நடந்தது இது. போர்ட் கிள்ளானில் சரக்கு அனுப்புகிற ஆபீஸ் ஒன்றில் பூரணம் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தோட்டத்திலிருந்தும் பேக்டரியிலிருந்தும் சரக்கை லோரியில் ஏற்றிக் கொண்டுவந்து கப்பலடியில் சேர்ப்பது அந்த ஆபீஸின் தொழில். பூரணத்துக்கு அப்போது முப்பத்தாறு வயது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். ஏழு வருஷமாக அந்த ஆபீஸில் இருந்தும் அவளுக்கு அங்கே பெயர் கிடையாது. மாடியிலிருந்து "டீ!" என்று குரல் வரும். அவள் போவாள்.

டெலிபோன் எடுத்துக்கொண்டிருந்த மார்க்கிரட் கல்யாணமாகி ஈப்போவுக்குப் போனபோதுதான் எல்லாம் மாறியது. புது ஆள் வரவில்லை. போன் பாட்டுக்கு அடித்துக்கொண்டே கிடக்கும். கோப்பை கழுவுகிற கை எத்தனை நாளுக்குத்தான் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்? ஒருநாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய் எடுத்துவிட்டாள். மார்க்கிரட் என்ன சொல்வாள் என்று ஏழு வருஷமாகக் கேட்ட காதுதானே. "பூரணம் ஸ்பீக்கிங்" என்றாள், துளிக்கூடத் தடுமாறாமல்.

மானேஜர் சண்முகரத்தினம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிரிக்பீல்ட்ஸ்காரர். தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். கழுத்துப்பட்டி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

"ஆள் கிடைக்கும் மட்டும் நீரே எடும்," என்றார்.

அன்றைக்கு அவள் போய் உட்கார்ந்தது சுழல்கிற நாற்காலி. பச்சை ரெக்சின் போட்டது, ஒரு பக்கம் கிழிந்திருக்கும். அதில் உட்கார்ந்தவளை யாரும் "டீ" என்று கூப்பிடவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து "ஹலோ, பூரணம்?" என்று கேட்டார்கள். லோரிக்காரர்களோ 'ஸ்பீக்கிங்' என்பதை ஏதோ குடும்பப் பெயர் என்று எண்ணி "ஸ்பீக்கிங் அக்கா" என்றே பேர் வைத்துவிட்டார்கள். பூரணமும் அதை ஒரு மரியாதைச் சொல் என்றுதான் நினைத்திருந்தாள்.

இரண்டாவது மாதம் வினை வந்தது, சரக்கு வைக்கிற பூச்சோங் ஸ்டோரிலிருந்து. லோரி ஓட்டுகிற பக்கிரிசாமி போன் செய்து, "அக்கா, வரேன் லா," என்றான். கப்பலடியில் சரக்கு ஏற்றுகிற ஏஜென்ட் மிஸ்டர் சியா சீனர். அவரிடம் எல்லாம் இங்கிலீஷ்தான். அவர் லோரி என்ன ஆயிற்று என்று கேட்டார். பூரணம், "லோரி இஸ் கம்மிங் சார்," என்றாள். அவர் எட்டு ஆட்களையும் சரக்குத் தூக்குகிற வண்டியையும் வெயிலில் தயாராக நிறுத்திவிட்டார். ஒரு மணி ஆயிற்று, இரண்டு மணி ஆயிற்று, லோரியைக் காணோம்.

பக்கிரிசாமி "வரேன்" என்று சொன்னபோது ரொட்டி சானாய்க்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தானாம். அப்புறம் சாப்பிட்டு, சரக்கு ஏற்றி, அதன்பின் கிளம்பியிருக்கிறான். கேட்டதற்கு அவனுக்குக் கோபமே வந்துவிட்டது.

"வரேன்னுதானே சொன்னேன்? வந்துட்டேன்ல? பொய்யா சொன்னேன்?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. நம்முடைய 'வரேன்' அப்படிப்பட்டது. புறப்பட்டவனும் சொல்வான், புறப்படாதவனும் சொல்வான், வீட்டை விட்டுப் போகிறவன்கூட அதைச் சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவான். சியாவுக்கு இதெல்லாம் தெரியுமா? மானேஜரைக் கூப்பிட்டுக் காதில் நெருப்பு வைத்துவிட்டார்.

சண்முகரத்தினம் மாடியிலிருந்து இறங்கி வந்து, எல்லார் முன்னாலும் அந்தப் பச்சை நாற்காலியைக் காட்டிச் சொன்னார்: "பிரசன்ட் கன்டினியூவஸ் தெரியாத ஆள் டெலிபோனில் இருக்கேலாது. மாசக் கடைசி வரைக்கும்தான் உமக்கு இந்தக் கதிரை. அதுக்குள்ள திருந்தினா இரும், இல்லாட்டி பழையபடி டீ போடும்."

அந்த நீளமான பெயர் மருந்துப் பெயர் போல அவள் காதில் விழுந்தது. டைப் அடிக்கிற பரீதாவைப் பிடித்தாள். பரீதாவின் அப்பாவுக்குக் கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா தெருவில் துணிக்கடை. கான்வென்டில் படித்த பெண்.

"அது என்ன பிள்ளே, கன்டினிவு?"

பரீதா மறுநாளே இலக்கணப் புத்தகம் கொண்டுவந்தாள். ஆம், இஸ், ஆர், பின்னால் ஒரு இங். பூரணம் மனப்பாடம் செய்தாள். செய்துவிட்டு எல்லாவற்றுக்கும் வால் ஒட்டினாள். சியா ஏதோ விவரம் சொல்ல, இவள் "ஐ யாம் நோயிங் சார், ஐ யாம் நோயிங்" என்றாள். பரீதா டைப் மெஷின்மேல் கவிழ்ந்து சிரித்தாள்.

"என்னடி சிரிப்பு? இங் போட்டேன்ல?"

"எல்லாத்துக்கும் போடக் கூடாதுக்கா. இப்ப நடந்துக்கிட்டு இருக்கிறதுக்கு மட்டும்தான் இங்."

பூரணம் கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தாள்.

"என்ன சொன்ன? திருப்பிச் சொல்லு."

"நடந்துக்கிட்டு இருக்கிறதுக்கு."

"அந்த 'க்கிட்டு'! அதானே இங்? வருதுன்னா இங் இல்ல. வந்துக்கிட்டு இருக்குன்னாதான் இங்."

"புக்குல அப்படிப் போடலையேக்கா."

"புக்கு எழுதினவனுக்குத் தமிழ் தெரியாது, விடு."

பரீதா விடவில்லை. "அப்ப நோயிங் ஏன் தப்பு? அதுக்குச் சொல்லுங்க பாப்போம்."

பூரணம் கொஞ்சம் யோசித்தாள். "தெரியும்னுதானே சொல்லுவோம்? தெரிஞ்சுக்கிட்டு இருக்கேன்னா, இன்னும் முழுசாத் தெரியலன்னு ஆயிடும். அதான் இங் இல்ல."

"லைக்? ஐ யாம் லைக்கிங் திஸ் சாரி?"

"சேலை பிடிச்சிருக்குன்னா மனசுக்குப் பிடிச்சிருக்கு. பிடிச்சுக்கிட்டு இருக்கேன்னா கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். உங்க அப்பா கடையில வந்து அப்படி நின்னா விடுவாரா?"

பரீதா புத்தகத்தை மூடிவிட்டாள். வாத்தியார் அடித்துச் சொல்லிக்கொடுத்தும் பாதிப் பேருக்கு ஏறாததை, கோப்பை கழுவுகிற தொட்டிப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒருத்தி இழுத்துப் பிடித்துவிட்டாள்.

"அப்ப ஸ்பீக்கிங்?" என்று பூரணமே கேட்டுவிட்டுத் தானே பதிலும் சொன்னாள். "அட, பூரணம் பேசிக்கிட்டு இருக்கா! ரெண்டு மாசமா அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேனா?"

அன்றிலிருந்து வீட்டிலும் பாடம்தான். வெங்காயத்தை அரியும்போது "ஐ யாம் கட்டிங்" என்பாள். துணி அலசும்போது "ஐ யாம் வாஷிங்." புருஷன் சபாபதி துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர், வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருப்பார். அவரைக் காட்டி, "யூ ஆர் ஸிட்டிங்," என்பாள்.

"சும்மா உக்காந்திருக்கேன்னு இங்கிலீஷ்ல திட்டுறியா?"

"பாடம் படிக்கிறேன்."

"படிக்கிறியா, படிச்சுக்கிட்டு இருக்கியா?" என்று அவர் மடக்கினார். அவளுக்கு அன்றைக்கு அதுதான் சந்தோஷம்.

லோரிக்காரர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. "வரேன்க்கா" என்றால் விடமாட்டாள். எங்கே நிற்கிறாய், சரக்கு ஏற்றியாச்சா, எஞ்சின் ஓடிக்கிட்டு இருக்கா? பக்கிரிசாமி ஒருநாள் கத்தியே விட்டான். "என்னக்கா, கோர்ட்டுல கூண்டுல ஏத்தின மாதிரி கேக்குறீங்க? வரேன்னா வரேன் லா!"

"உன் வரேனை நம்பித்தான் என் நாற்காலி ஆடிக்கிட்டு இருக்கு. ஒழுங்காச் சொல்லு."

மாசக் கடைசிக்கு மூன்று நாள் இருந்தது. பூச்சோங்கிலிருந்து ரப்பர் கட்டுகள் அன்று மாலைக் கப்பலில் போயாக வேண்டும். மத்தியானம் பக்கிரிசாமி போன் செய்தான், வழியில் பத்து தீகா என்கிற ஊரில் ஒரு கோப்பிக் கடையிலிருந்து. டயர் வெடித்துவிட்டது.

"மாத்திக்கிட்டு இருக்கியா?"

"போன் பேசிக்கிட்டு எப்படிக்கா மாத்துறது? வச்சிட்டுத்தான் போய் மாத்தணும்."

அவன் வைத்தான். வைத்த கையோடு சியா கூப்பிட்டார். லோரி வருகிறதா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல் என்றார். சண்முகரத்தினம் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார். லோரி தாமதம் என்று தெரிந்தால் சரக்கை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடும். அந்தப் பயம் அவருக்கு.

"இஸ் கம்மிங் எண்டு சொல்லும்," என்றார் மெதுவாக.

பூரணம் போன் வாயைக் கையால் பொத்தினாள். "அவன் கோப்பிக் கடையில நின்னுக்கிட்டு இருக்கான் சார்."

"தெரியும். நீர் கம்மிங் எண்டு சொல்லும். அவன் வருவான்தானே!"

"வருவான். வந்துக்கிட்டு இல்ல."

"எனக்கு இங்கிலீஷ் படிப்பிக்கிறீரோ?" அவர் முகம் சிவந்துவிட்டது. "சொல்லாட்டி இப்பவே எழும்பும்."

அந்த மூன்று நாளையும் காப்பாற்றிக்கொள்ள ஒரு வார்த்தை போதும். அதுவும் மானேஜரே எடுத்துக் கொடுத்த வார்த்தை. சொன்னால் பழி அவள்மேல் வராது. வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். பூரணம் கையை எடுத்துவிட்டுப் பேசினாள். வார்த்தை வார்த்தையாக, படியில் இறங்குகிற மாதிரி.

"நோ சார். ஹி இஸ் நாட் கம்மிங். ஹி இஸ் ஸ்டாண்டிங் இன் கெடாய் கோப்பி. டயர் பிரோக்கன். ஹி வில் சேஞ்ச். தென் ஹி வில் கம்."

அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. காலையிலிருந்து நாலு ஆபீஸ் கம்மிங், கம்மிங் என்றது, ஒருத்தனும் வந்து சேரவில்லை என்றார் சியா. எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். அவள் விரல் விட்டு எண்ணிச் சொன்னாள்: டயருக்கு அரை மணி, வழிக்கு ஒரு மணி. சரி, ஆட்களைச் சாப்பிட அனுப்புகிறேன், வேறு சரக்கை முதலில் ஏற்றுகிறேன், நாலு மணிக்குள் வந்தால் உன் கட்டுகள் கடைசியில் ஏறும் என்று வைத்துவிட்டார்.

சண்முகரத்தினம், "நாளையிலிருந்து இந்தக் கதிரையில் நீர் இல்லை," என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

"சரி சார். இந்த லோரி வந்து சேந்ததும் எந்திரிக்கிறேன்."

பக்கிரிசாமி மறுபடி கூப்பிட்டபோது கடை வாசல் வரைக்கும் போன் கம்பியை இழுத்துக்கொண்டு நின்றான். "சத்தம் கேக்குதாக்கா? எஞ்சின் ஓடிக்கிட்டு இருக்கு! போதுமா?"

"போதும். வச்சிட்டு ஏறு."

உடனே சியாவைக் கூப்பிட்டாளா? இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். அவன் ஏறி, கதவைச் சாத்தி, சாலைக்கு வர வேண்டாமா? அதற்குப் பிறகுதான் எண்ணைச் சுழற்றினாள்.

"நவ், ஹி இஸ் கம்மிங்."

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது லோரி கப்பலடிக்குப் போய்விட்டது. கட்டுகள் ஏறின. பூரணம் நாற்காலியை மேஜைக்குள் தள்ளிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் பச்சை நாற்காலிப் பக்கமே அவள் திரும்பவில்லை. நேராகப் பின்கட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். பரீதா வந்து, "சார் மறந்திருப்பாருக்கா, போய் உக்காருங்க," என்று கெஞ்சினாள். "எந்திரின்னு சொன்னவரு உக்காருன்னு சொல்லட்டும்," என்றாள் பூரணம். அந்தப் பிடிவாதத்தில் ஒரு தப்பும் இல்லை.

ஒன்பதரைக்குப் போன் அடித்தது. சண்முகரத்தினமே எடுத்தார். அந்தப் பக்கம் சியா. லோரி இஸ் கம்மிங் என்று மானேஜர் அழகான இங்கிலீஷில் சொன்னார். சியா கேட்டாராம்: நீ சொன்னால் ஆட்களை நிறுத்த மாட்டேன், பூரணம் எங்கே? அவள் இங் போட்டால்தான் எனக்கு இங்.

சண்முகரத்தினம் ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டுப் பின்கட்டு வாசலுக்கு வந்தார். கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டார். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அவர் வாயில் அந்தப் பெயர் வந்தது.

"பூரணம். போன். வந்து இரும்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கோப்பையில் நுரை இருந்தது. "வரேன் சார்."

அவர் போகாமல் அங்கேயே நின்றார்.

"வரேன் எண்டால்? வந்துகொண்டிருக்கிறீரா, வரப்போறீரா?"

டைப் மெஷின் சத்தம் நின்றுவிட்டது. பூரணம் குழாயை மூடினாள். கையை முந்தானையில் துடைத்தாள். இரண்டு எட்டு எடுத்து வைத்த பிறகுதான் பதில் சொன்னாள்.

"வந்துக்கிட்டு இருக்கேன் சார்."